பின்கேட்டுச் சாவி

எங்கள் நிலத்தை அரசாங்கம் எடுத்துக் கம்பெனிக்குக் கொடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். எங்கள் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர். நான் பத்தாவது பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தவன். எனக்குத் தெரிந்த ஒரே விவசாயம் மீசை வளர்ப்பது; அதிலும் வறட்சி. ஆகவே வேலை அப்பாவுக்குப் போயிற்று. வாட்ச்மேன். தன் நிலத்தைத் தானே காவல் காக்க மாதச் சம்பளம். காக்கிச் சட்டை, விசில், டார்ச் லைட். பழக்க தோஷத்தில் உள்ளே மேயப் போன எங்கள் ஆட்டை முதல் வாரமே விரட்டிப் பிடித்துக் கட்டிப்போட்டார். "டூட்டின்னா டூட்டி" என்றார். அந்த ஆடு அதற்குப் பிறகு அவரை மதிக்கவில்லை.

காட்டாங்குளத்தூர் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கும் ஏரிக்கரைச் சுடுகாட்டுக்கும் நடுவில்தான் எங்கள் நிலம். சாவு ஊர்வலம் எங்கள் வரப்பு வழியாகத்தான் போகும். நிலம் எடுத்தபோது அந்த வழியை விட்டுவிடுவதாக அதிகாரிகள் வாயால் சொன்னார்கள். பிறகு சுற்றிலும் மதில் வந்தது. கம்பெனியின் பெரிய கேட் மெயின் ரோட்டில்; பின்கேட்டுகள் இரண்டு, ஊர்ப்பக்கம் ஒன்று, ஏரிப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் சாவி அப்பாவின் இடுப்பில்.

ஊரில் மேளச் சத்தம் கேட்டால் அப்பா ஊர்ப்பக்கத்துக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் கேட்டதில்லை. பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி, மறுபடி தூக்குவார்கள். அதற்கு எப்போதும் எங்கள் கிணற்றுமேடுதான் இடம். கிணற்றைத் தூர்த்து அங்கே சைக்கிள் ஸ்டாண்டு போட்டுவிட்டார்கள். ஆனாலும் அப்பா பாடையை அங்கேதான் இறக்கச் சொல்வார், ஓர் அடிகூடத் தள்ளவிட மாட்டார்.

ஒரு நாள் மத்தியான டூட்டியில் அவருக்கு நெஞ்சு வலித்தது. கம்பெனி வேனில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் விடியற்காலையில் இறந்துபோனார்.

எனக்கு அழுகை வரவில்லை. என்னைக் குளிப்பாட்டினார்கள், புது வேட்டி கட்டினார்கள், எங்களில் புதைப்பதுதான் வழக்கம் என்றாலும் முன்னால் நெருப்பு போக வேண்டும் என்று கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்தார்கள். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டேன். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது பூட்டியிருந்தது. அப்பாவின் ஸ்டூலில் தெற்கத்திப் பையன் ஒருவன், புது யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தான்.

"திறப்பா" என்றார் சித்தப்பா.

"ஆர்டர் இல்லண்ணே. ஆபீசரைக் கூப்பிட்டிருக்கேன்."

"இன்னாடா ஆர்டரு? பாடையில படுத்துக்கினு கீறவரு யாரு தெரியுமா? நீ குந்திகினு கீறியே, அந்த ஸ்டூலே அவுருதுதான்."

பையன் சட்டென்று எழுந்து ஸ்டூலைத் தூரத் தள்ளி வைத்தான். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

ஆபீசர் வந்தார். நல்ல மனிதர்தான், ஷூவைக் கழற்றிவிட்டு அப்பாவைக் கும்பிட்டார். "அவர் நம்ம ஸ்டாஃப். அதனால இன்னைக்கு மட்டும், ஒன் டைம், அலவ் பண்றேன். இனிமே நீங்க மெயின் ரோடு சுத்தித்தான் போகணும். மேளம் வேண்டாம். நெருப்பு கூடவே கூடாது, உள்ளே பெயின்ட் கோடவுன் இருக்கு. போறவங்களை எண்ணி அனுப்பி, எண்ணி வெளியே விடுவோம்."

சித்தப்பா என் தோளைப் பிடித்துக் காதருகே சொன்னார். "சரின்னு மட்டும் சொல்லிடாதடா. இத்தினி நாளா இது நம்ம வழி. அவன் குடுத்து நீ வாங்கினா, அப்பாலிக்கு அது அவன் வழி. அண்ணன இங்கியே வெச்சிகினு குந்திடலாம். சாயங்காலத்துக்குள்ள தாசில்தாரு வருவாரு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் நெற்றியில் ஒட்டிய காசு நழுவி, ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. கேட்டு வரைக்கும் கூடவே வந்துவிட்ட அம்மா முந்தானையால் அதை ஓட்டினாள். "வெயில்ல வெக்காதீங்கடா அவர" என்றாள். சித்தப்பாவே பாடையின் முன்கட்டையைத் தூக்கினார்.

என் கொள்ளிச்சட்டியைப் பையன் வாங்கி, சிவப்பு மணல் வாளிகளுக்குக் கீழே வைத்தான். எங்களைத் தலை தலையாக எண்ணி உள்ளே விட்டான். சட்டி இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல், இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி கட்டிக்கொண்டு நடந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் இறக்கித் திருப்பினோம். அப்பாவின் சைக்கிள் அங்கேயே நின்றது. ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை. முன்சக்கரத்தில் காற்றில்லை. பாடையை மறுபடி தூக்கும்வரை நான் அந்தச் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழியில் மண் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தோம். பையன் எண்ணினான். மறுபடி எண்ணினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு ஆள் குறையுதண்ணே."

பாடையில் போனவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறான்.

"அவருக்கு நைட் டூட்டி தம்பி" என்றேன்.

வழக்கமாக நான் ஒன்று சொன்னால் ஊரே சிரிக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான். மணல் வாளிக்குக் கீழே கொள்ளிச்சட்டியில் மணல் கொட்டி அணைத்திருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் இரண்டு கேட்டையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஊரில் சிலர் போய்க் கேட்டார்கள். "அன்னைக்கே சொல்லித்தானே விட்டோம்? நீங்களும் ஒத்துக்கிட்டுத்தானே போனீங்க?" என்றாராம் ஆபீசர். மனு கொடுத்தார்கள். தாசில்தார் ஜீப்பில் வந்து, புதுச் செங்கல்லைப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து இறந்தது சித்தப்பா. அவரை ஜி.எஸ்.டி. ரோடு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். மேளத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் பாடையைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு நின்றோம். செங்கல்பட்டு போகும் எலக்ட்ரிக் ட்ரெயின் கடந்தது. சன்னலோரத்தில் ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

இந்தப் புது வழியில் பாதி எங்கே வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. "எப்படியும் எறக்கியாச்சு, இங்கியே திருப்பிடலாம்" என்றார் ஒருவர். திருப்பினோம். கேட் திறந்தது.