பதிவேட்டில் இல்லாத பத்தாவது ஆள்

ஐயா, அம்மா, தங்கள் பொழுதில் சிறிது ஒதுக்கி இதனைப் படிக்க வேண்டுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எஞ்சியதை நானே கற்றுக்கொண்டேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஓர் அரிசி ஆலையில் வருகைப் பதிவேடு எழுதுவது நெடுங்காலம் என் பணியாக இருந்தது.

திருநெல்வேலி சந்திப்பில், பழைய புத்தகக் கடையொன்றில், தொழிற்சாலைச் சட்டத்தின் தமிழ்ச் சுருக்கம் எனக்குக் கிடைத்தது. ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று அதில் கண்டேன். எங்கள் ஆலையில் மோட்டாரிலிருந்து அரைவை இயந்திரத்துக்கு ஓடும் பெல்ட் மூடப்படாமலே இருந்தது. ஆகவே முதலாளியிடம் சென்று அவ்விதியை வாசித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தச் சட்டம் யாருக்குன்னு போட்டிருக்கும்லா, அதையும் வாசியும் வே."

மின்சாரத்தில் ஓடும் ஆலையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் செல்லும் என்று வாசித்தேன். முதலாளிக்குச் சட்டம் சொல்கிறோம் என்ற பெருமை அப்போது எனக்கு இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

மறுமாதம் பதிவேட்டில் ஒன்பது பெயர்களே இருந்தன. எழுதியவன் நான். ஆலையில் வேலை செய்தவர்களோ பதின்மூவர்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று பக்கத்து ஆலையிலிருந்து தகவல் வந்தால், பெயரில்லாத நான்கு பெண்களும் தாமிரபரணிக்குக் குளிக்கப் போய்விட வேண்டும் என்பது எங்கள் வழக்கமாயிற்று. அதற்காகக் கூலியைக் குறைப்பதில்லை. நால்வரில் முதலில் சேர்ந்தவர், தவிடு அள்ளும் பெண்மணி, துணி மூட்டையோடு முன்னால் நடப்பார்.

"மாசம் ரெண்டு தடவ அவர வரச் சொல்லுங்க அண்ணாச்சி. வீட்டுல அழுக்குத்துணி மலையாக் கெடக்கு."

"நீ துவைக்கதுக்கா சர்க்காரு அவருக்குச் சம்பளம் குடுக்கு?" என்பார் மெஷின்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஓர் ஐப்பசி மாத முற்பகலில் மழை ஈரத்தால் பெல்ட் நழுவியபடியே ஓடிக்கொண்டிருந்தது. அதனடியில் சிந்திய தவிட்டைக் கூட்ட அப்பெண்மணி குனிந்தார். சேலைத் தலைப்பை பெல்ட் பற்றிக்கொண்டது. அதை இழுத்த வலக்கையும் உடன் போயிற்று. மெஷின்காரர் சுவிட்சை அணைத்த பிறகும் சக்கரம் சில சுற்றுகள் சுற்றியே நின்றது. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் கையை முழங்கையோடு எடுத்தார்கள். வயல் மோட்டாரில் சிக்கியதாக அங்கே சொல்லும்படி முதலாளி ஆள் அனுப்பியிருந்தார்.

மூன்று மாதம் கழித்து அப்பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்க இருந்தார்.

"நான் மில்லுல வேலை பாத்தேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க அண்ணாச்சி. வக்கீலு அது ஒண்ணத்தான் கேக்காரு."

"மொதலாளிய ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேம்மா."

"எழுதப்போறது அவரு கையா, ஒங்க கையா?"

நான் தாளை எடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற அச்சம் அன்றி வேறு காரணம் இல்லை. "பைய யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்து போனார். நான் யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. விசாரணையில் பதிவேட்டைப் பார்த்தார்கள். அவர் பெயர் இல்லை, மனு தள்ளுபடியாயிற்று. பதிவேட்டில் என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று பாராட்டு வேறு.

இப்போது நான் வேலையில் இல்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதையும் வாங்கிப் படித்தேன். மின்சாரம் உள்ள இடத்தைத் தொழிற்சாலை என்று கொள்ளப் பத்துப் பேர் போதும் என்றிருந்தது. இப்போது இருபது பேர் வேண்டும். காலம் போகப் போகச் சட்டம் எளியவரை நோக்கி இறங்கி வரும் என்று நம்பியிருந்தவன் நான்.

முதலாளியின் மகன் கடைத்தெருவில் என்னைக் கண்டார். "இனிமே யாரும் ஆத்துக்குப் போவாண்டாம் அண்ணாச்சி. பதினாலு பேரையும் தைரியமா எழுதிட்டோம். இருவது இருந்தாத்தான ஃபேக்டரி?"

"பத்துப் பேர் இருந்தாலும் பொதுவான கடமை சிலது உண்டு தம்பி. வேற பக்கத்துல போட்டிருக்கு."

"எங்க அப்பாவுக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டுனீங்களே, அது போதாதா?"

சென்ற மாதம் அப்பெண்மணியைத் தேடிப் போனேன். அன்று கேட்டதை இன்று எழுதித் தருகிறேன் என்றேன்.

"இப்ப எழுதி யாருட்ட அண்ணாச்சி குடுக்க? சரி, எழுதுங்க. எம் பேரு மட்டும் வேண்டாம். மக அங்கனதான் தவிடு அள்ளுதா. பத்தாவது ஆளுன்னு போடுங்க, போதும்."

அவ்வாறே எழுதுகிறேன். அவர் அந்த ஆலையின் பத்தாவது தொழிலாளி. அங்கே, வேலை செய்யும்போதே கையை இழந்தார். அன்று பதிவேடு எழுதியவன் இதைச் சொல்கிறேன். எந்த அலுவலகத்திலும் இது பதிவாகவில்லை. ஆதலால் இத்தாள்களைத் தாங்கள் வைத்திருக்க வேண்டுகிறேன்.