மூன்று புள்ளி வைத்த ஜெராக்ஸ்

ஊசியக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. ஆஸ்பத்திரி நர்சுகளுக்குச் சீருடை தைப்பவள். வாயும் ஊசிதான். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகவேண்டும் என்று பாஸ்போர்ட் கேட்டிருந்தாள். பாஸ்போர்ட் வரவில்லை, போலீஸ் வந்தது. அவள் பெயரில் எவனோ சிம் வாங்கிப் பத்துப் பேரை ஏமாற்றியிருக்கிறான். வழக்குத் தீரும்வரை பயணம் கிடையாது.

ஸ்டேஷனில் அந்தச் சிம்முக்குக் கொடுத்த நகலைக் காட்டினார்கள். அவளுடைய அடையாள அட்டைதான். முகத்தின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுத்த அன்று, "கோடு விழுந்துடுச்சுக்கா, வேற எடுத்துத் தரேன்" என்று ஜெராக்ஸ் கடைக்காரன் மேசைக்கு அடியில் போட்ட தாள் அது. கெட்ட தாள்தானே என்று இவளும் விட்டுவிட்டு வந்தாள். பத்து வருஷமாக வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட பாவி.

"நீங்க சொல்றீங்க சரி. ஆதாரம் வேணுமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொண்டு வந்து தரேன் சார்."

யார் துணியும் மாறிவிடாமல் ஓரத்தில் புள்ளி வைப்பது அவள் தொழில் வழக்கம். ஊசியை மையில் தோய்த்து, அட்டை போட்டிருந்த பிளாஸ்டிக் உறையின் ஓரத்தில், நகலில் விழும்படி மூன்று புள்ளி வைத்தாள். இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டு, சிரித்த முகமாக அவன் கடைக்குப் போனாள். அன்றும் ஒரு தாள் கெட்டது, அன்றும் மேசைக்கு அடியில் போனது. நேரே ஸ்டேஷனுக்குப் போய், உறையைக் கழற்றி நல்ல நகலோடு இன்ஸ்பெக்டரிடமே கொடுத்துவிட்டாள். இனி அந்தப் புள்ளியோடு வெளியே இருப்பது மேசைக்கு அடியில் போன தாள் ஒன்றுதான். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? இருபதாம் நாள், மூன்று புள்ளியோடு அவள் பெயரில் இன்னொரு சிம் விண்ணப்பம் இன்ஸ்பெக்டர் கையில் வந்து நின்றது. அவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றுவதைப் பார்க்கவே தன் தையல் கடையைப் பூட்டிக்கொண்டு போனாள்.

வழக்கிலிருந்து அவள் பெயரை நீக்கி, பாஸ்போர்ட் வருவதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். மகள் தனியாகக் கிடந்து வலியில் துடித்ததை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிப்பாள். எந்த நகலானாலும் யாருக்கு, எதற்கு, என்றைக்கு என்று குறுக்கே எழுதாமல் இப்போது கொடுப்பதில்லை. கெட்ட தாளையும் கேட்டு வாங்கி எட்டாகக் கிழிக்கிறாள்.

ஒருநாள் அந்த ஜெராக்ஸ் கடைக்காரன் மனைவி வந்து அழுதாள். "சமாதானமாப் போறோம்னு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. கூட உங்க அட்டை ஜெராக்ஸ் ஒண்ணு வைக்கணுமாம்."

ஊசியக்கா மெஷினை நிறுத்தவில்லை.

"அதுக்கு எதுக்கும்மா என்கிட்ட வந்தே? உன் வீட்டுக்காரன் மேசைக்கு அடியில பாரு."