கிழக்கே வைத்த முகம்

எங்கள் வீட்டில் யாராவது மேற்கே கால் நீட்டிப் படுத்தால் உம்மா முழங்காலிலேயே ஒன்று வைப்பாள். "ஏட்டி, கிப்லா பக்கமா காலை நீட்டுதியே, எந்திரி!" என்பாள். கிப்லா என்றால் மக்கா இருக்கிற திசை. அந்த மக்கா எங்கே இருக்கிறது என்று அவள் தேசப்படத்தில் பார்த்தவள் இல்லை. தென்காசியில் மலை மேற்கே இருக்கிறது, சாரல் மேற்கிலிருந்து வருகிறது. தொழ நிற்பதும் மேற்கே பார்த்து, செத்தால் கபர்க்குழியில் முகத்தைத் திருப்பி வைப்பதும் மேற்கே பார்த்து. நல்லதெல்லாம் அந்தப் பக்கம்தான் என்பது உம்மாவின் முடிவு. அதை அசைக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது.

வாப்பா கடையநல்லூரில் துண்டும் கைலியும் எடுத்து வந்து, சீசனில் குற்றாலத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு விற்பார். பள்ளிக்கூடப் படிப்பை முடித்த அண்ணனுக்குத் துண்டு விற்கப் பிடிக்கவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் கப்பலேறி, இங்கிலாந்தின் வடக்கே ஒரு பஞ்சாலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். வெள்ளைக்காரன் இங்கிருந்து போய் அப்போது கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. "ஏ, அவன் போன தடத்துலயே உங்க பையனும் போயிட்டானே" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி பேசுவார்கள்.

ஒரே ஒரு தடவை லீவில் வந்தான். நல்ல சாரல் காலம். கொட்டகையில் உட்கார்ந்து அவன் சொன்ன சங்கதியை ஈரத்தலையோடு நின்று கேட்டவர்கள் பலர். அந்த ஊரில் வேலைக்கு வந்த முஸ்லிம்கள் யாராவது இறந்துபோனால் புதைக்க இடம் கிடையாது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையைக் கேட்டிருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று அண்ணனையே எழுந்து பேசவும் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கல்லறைகள் நூல் பிடித்தாற்போல வரிசையாக இருக்குமாம். இவர்களுக்கோ கிப்லாவைப் பார்த்துக் கோணலாக வெட்ட வேண்டும். நகரசபை மண்டபத்தில் கூட்டம் போட்டு ஊரே இரண்டுபட்டது. ஒருவர் வரிசை கெட்டுப்போகும் என்றார். இன்னொருவர், மண்ணைக் கொடுத்துவிட்டால் இவர்கள் திரும்பிப் போகவே மாட்டார்கள் என்றார். பாதிரியார் ஒருவர் எழுந்து, வேலைக்குக் கூப்பிட்டது நாம்தானே, செத்தால் மட்டும் வெளியே போ என்பதா என்று கேட்டாராம். ஒரே கூச்சல். முடிவு சொல்லாமல் கலைந்துபோனார்கள்.

"அவன் ஊரு, அவன் இடம். வரிசை கோணக் கூடாதுன்னா நாம என்ன சொல்ல முடியும்?" என்றார் வாப்பா. வருஷா வருஷம் எங்களிடமே துண்டு வாங்கும் பண்பொழி அண்ணாச்சிக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன பாய் பேசுதீரு? நம்ம தேசம் முச்சூடும் வெள்ளைக்காரன் கல்லறை கிடக்கு. யாருகிட்ட கேட்டுப் புதைச்சான்? எந்த வரிசையைப் பாத்தான்?" வாப்பா துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

உம்மாவுக்கு வேறு கவலை. அண்ணன் கிளம்புகிற அன்று பெட்டியைப் பூட்டவிடாமல் பிடித்துக்கொண்டாள். "ஏலே, அந்தக் குழியை யாருக்குக் கேட்டே? உனக்கா கேட்டே?"

"யாருக்கோ கேட்டேம்மா. எனக்கு இங்கன தென்காசிலதான்" என்று சிரித்தான். பாவி, எதைத்தான் சிரிக்காமல் சொன்னான் அவன்!

மறுவருஷம் மார்கழியில் தந்தி வந்தது. சளிக்காய்ச்சல் மார்பில் இறங்கி ஆள் போய்விட்டான். அடக்கமும் ஆகிவிட்டது. வாப்பா வீட்டுத் தூணைப் பிடித்தபடி நின்றதும், நான் தரையில் விழுந்து அலறியதும் நினைவிருக்கிறது. உம்மா முதலில் அழவில்லை. "மேக்கே பாத்து வச்சானுவளா?" என்று கேட்டாள். வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லாரிடமும் அதையே கேட்டாள். யாருக்குத் தெரியும்?

அடுத்த சாரலில், அண்ணனோடு அதே மில்லில் வேலை பார்த்த மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். வாப்பா அவரைத் தென்காசி வீட்டுக்கு அழைத்து வந்தார். உம்மா வேற்று ஆண்கள் முன்னால் வரமாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்றாள். இறந்த உடம்பை அன்றன்றைக்கே அடக்கிவிடுவது நம் வழக்கம். அண்ணனோ, ஊர் ஒரு முடிவுக்கு வரும்வரை ஆஸ்பத்திரியில் பல நாள் குளிரில் கிடந்தானாம். திரும்பவும் கூட்டம், திரும்பவும் கூச்சல். அண்ணன் குடியிருந்த வீட்டுக்கார அம்மா, கருவாட்டு வாடைக்காக அவனோடு தினமும் சண்டை போட்டவள், மண்டபத்தில் எழுந்து, "அவன் என் வீட்டில் இருந்தவன். எங்கே போடுவீர்களாம்?" என்று கத்தினாளாம். கடைசியில் மதிலோரமாக ஒரு மூலை கிடைத்தது. கோணலாக வெட்டவும் சம்மதித்தார்கள். இடம் கேட்டவனே அதில் முதல் ஆளாகப் போய்ப் படுத்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "முகத்தை எங்கன பாத்து வச்சீங்க, தம்பி?"

"கெழக்கே பாத்துத்தான், பெரியம்மா. கொஞ்சம் தெக்கே சாய்ச்சு. முறைப்படிதான் வச்சோம்."

உம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. "கெழக்கேயா? கெழக்கேயா வச்சீங்க? மண்ணைக் குடுக்கற மாதிரி குடுத்துட்டு எம்புள்ள முகத்தைத் திருப்பிட்டானுவளே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அந்த மனிதர் எவ்வளவோ சொன்னார். அந்த ஊரிலிருந்து பார்த்தால் மக்கா கிழக்கே என்றார். உம்மாவின் காதில் ஏறவில்லை. அவர் போன பிறகு நான் அடுக்களையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து வந்து, அதன் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். "இது மக்கா. இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அண்ணன்." தேங்காயைத் தட்டிவிட்டாள். "தேங்காயை வச்சு எம்புள்ளயப் புதைக்காதட்டி!"

அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்களே ஜெயித்தார்கள் என்றுதான் உம்மா வருஷக்கணக்கில் நம்பினாள். மேற்கே பார்த்துத் தொழுவாள். தொழுது முடித்ததும் பாயிலேயே கிழக்கே திரும்பி உட்கார்ந்து அழுவாள். எனக்கு ஆத்திரமாக வரும், அடுத்த நிமிஷம் அழுகையும் வரும்.

அறுபதுகளின் கடைசியில் அவளும் படுக்கையில் விழுந்தாள். ஜன்னலில் சாரல் அடித்த ஒரு காலை, "ஏட்டி, அந்தத் தேங்காயை எடுத்துட்டு வா" என்றாள். எந்தத் தேங்காய் என்று நான் கேட்கவில்லை. ஒன்றை எடுத்து வந்து கையில் கொடுத்தேன். ஒரு பக்கத்தைத் தொட்டாள்.

"இங்கன நான். மேக்கே பாத்துப் படுப்பேன்."

"ஆமாம்மா."

மறுபக்கத்தைத் தடவினாள். "அங்கன அவன். கெழக்கே பாத்துப் படுத்திருக்கான்."

"ஆமா."

"அப்ப அவன் என்னயத்தானட்டி பாத்துக்கிட்டிருக்கான்?"

தலையை ஆட்டினேன். "இதை மொதல்லயே சொன்னா என்ன, மூதேவி!" என்று திட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வாப்பா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஆட்கள் சூழ வாப்பா கையில் மண்ணோடு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "மேக்கே பாத்துத்தானே வச்சீங்க, வாப்பா?"

"மேக்கேதாம்மா" என்றார் வாப்பா. "அவனைப் பாத்துத்தான் வச்சிருக்கு."