சிங்கப்பூரிலிருந்து பத்து மணி போன்

பூந்தமல்லியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பையனுக்கு ஐந்து வயது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தால் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாகிவிடும் என்கிறார்களாம். அனுப்பலாமா, கூடாதா?

'தாராளமாக அனுப்புங்கள்' என்று பதில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டாமல் மேஜை மேல் வைத்திருந்தேன். அது போன சனிக்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்கு போன் அடித்தது.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான். என் வீட்டில் இருப்பதால் அது என்னுடையது என்று நினைத்துவிடாதீர்கள். இதுவரை நாலு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அந்த நம்பர் அச்சாகிவிட்டது. ஆனால் ஞாயிறு காலை பத்து மணி மட்டும் எதிர்வீட்டு ஏழுமலைக்கு. சிங்கப்பூரிலிருந்து அவருடைய மகள் ரேவதி பேசும் நேரம்.

ரேவதிக்கு ஆறு வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் அத்தை வீட்டுக்குப் போனாள். ஏழுமலையின் தங்கை அங்கே நர்ஸ். எதற்காக அனுப்பினார்கள்? இங்கிலீஷுக்காக.

ஏழுமலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறார். சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்த அன்று என்னிடம் சொன்னார்: "அல்லாத்துக்கும் பதில் தெரியும் சார். இங்கிலீசுல வாய்ல வர்ல. நின்னுகினே இருந்தேன். எம் பொண்ணு இப்டி நிக்கக் கூடாது."

அவர் மனைவி அஞ்சலைக்கு இஷ்டமே இல்லை. "தலை வாரிக்கத் தெரியாத புள்ள சார்" என்றார். நான் என்ன சொன்னேன்? "குழந்தைங்க சீக்கிரம் பழகிடும்மா" என்றேன். பாஸ்போர்ட் படிவத்தைக் கொட்டை எழுத்தில் நிரப்பிக் கொடுத்த பெரிய மனுஷனும் நான்தான்.

அத்தை பாசமானவள். ஆனால் ஒரு சட்டம் போட்டிருந்தாள் — வீட்டில் தமிழ் கூடாது, போனில்கூடக் கூடாது. எடுத்த காரியம் கெட்டுப்போகுமாம். 'நைனா' என்று கூப்பிட்ட பெண் இரண்டாவது மாதமே 'டாடி' என்றாள். ஏழுமலை தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அஞ்சலை அதிலிருந்து போனை வாங்குவதே இல்லை. "இன்னா சொல்லுதுனே புரில, நான் இன்னாத்த பேசறது" என்று வாசல்படியிலேயே நின்றுவிடுவார்.

போன ஞாயிறும் அப்படித்தான். ஏழுமலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். போனில் சட்டை தெரியாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? இரண்டு நிமிஷம் சிரித்தபடி கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நீங்க பேசுங்க சார். டக்கரா பேசுது."

நானும் ஸ்டைலாக "ஹவ் ஆர் யூ, ரேவதி?" என்றேன்.

"ஃபைன், அங்கிள்." போன மாதம்வரை நான் மாமா. காலையில் பிரெட் சாப்பிட்டாளாம். பிறகு குரல் தாழ்ந்தது.

"அங்கிள்... ஐ வாண்ட் டு கோ ஹோம்."

அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல அதையே மூன்று தடவை சொன்னாள்.

"இன்னா சொல்லுது சார்?" ஏழுமலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வெள்ளைச் சட்டை... நான் நிரப்பிய படிவம்... தெருவெல்லாம் பரவியிருந்த பெருமை... "நல்லா இருக்காளாம். பிரெட் சாப்பிட்டாளாம்" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதுவதற்கு.

வாசல்படியில் நின்ற அஞ்சலை என் முகத்தைப் பார்த்தார்.

"பிரெட்டு துன்னதுக்கா சார் உங்க மூஞ்சி இப்டி ஆச்சு?"

உள்ளே வந்தார். என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"ரேவதி... அம்மாதான். அத்த பக்கத்துல கீறாங்களா? இருக்கட்டும். நீ தமிழ்ல பேச வாணாம். நான் கேக்கறேன், நீ இங்கிலீசுலயே சொல்லு. ஊட்டுக்கு வரணும்னா எஸ்ஸுன்னு சொல்லு. அங்கியே இருக்கறேன்னா நோன்னு சொல்லு. அவ்ளோதான்."

என் மனைவி எழுந்து டி.வி.யை அணைத்தாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சலையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ரிசீவரை எடுத்து ஏழுமலையின் காதில் வைத்தார்.

ஏழுமலைக்கும் அந்த வார்த்தை தெரியும். திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பாள் போல. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

பிறகு தங்கை பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஏழுமலை ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆறு மாசம் போனா சரியாப் பூடும்னு சொல்றா. நீங்களும்தான சொன்னீங்க சார். பழகிடுமா?"

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். இன்னொரு பொய் சொன்னால் ரேவதி அங்கேயே இருந்துவிடுவாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"பழகிடும் ஏழுமலை" என்றேன். "அதை நினைச்சாத்தான் எனக்கு இப்ப பயமா இருக்கு. வீட்டுக்கு வரணும்னு எங்கிட்ட மூணு தடவை சொன்னா. நான்தான் மறைச்சுட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ரிசீவரிடம் திரும்பி, "போதும்மா. புள்ளைய இட்டாந்து உட்டுடு" என்றார். அஞ்சலை அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

வரும் வெள்ளிக்கிழமை ரேவதி வருகிறாள். தங்கைக்கு வருத்தம்தான். ஏழுமலைக்கும் முழுச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். "இங்கியே நல்ல இஸ்கூலா பாத்துக் குடுங்க சார்" என்று மறுநாளே வந்து நின்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு.

பூந்தமல்லி வாசகிக்கு எழுதிய பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மா, இந்த விஷயத்தில் என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும்.

அஞ்சலையைக் கேளுங்கள் — அவருக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை.