கதிரையில் மூன்று நாள்

மஞ்சளாகவே இருக்கவேண்டிய காகிதக் கீற்று பச்சையாக மாறிவிட்டது. கொழும்பில் விமானிகளுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுக்கும் டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் சிறுநீரில் புரதம் போகிறது என்றார்.

அதற்குச் சற்று முதல்தான் தராசிலிருந்து இறங்கியிருந்தேன். மனம் துள்ளிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இதே அறையில் கண், காது, மூச்சு, இதயம் எல்லாம் சரியென்று எழுதிவிட்டு, உயரத்துக்கு நிறை கூட, பிரஷரும் எல்லையில் நிற்கிறது, குறைத்துக்கொண்டு வாங்கோ என்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார். விமானப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் மாத முடிவுக்குமேல் அந்த இடத்தை வைத்திருக்கமாட்டார்கள்.

ஆகவே ஓடினேன். எங்கள் ஊர் விசுவமடுவில் ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் வயல் றோட்டால் ஓடினால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். முதல் நாள், பால் கொண்டுபோன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, வீட்டில் ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று கேட்டார். இரண்டாம் கிழமை நாய்களும் துரத்துவதை விட்டுவிட்டன. சோற்றைப் பாதியாக்கினேன். கடைசி அரைக் கிலோ மட்டும் இறங்க மறுத்தது. அதற்காகச் சோதனையன்று காலையில், கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் நின்றபடியால், கடற்கரையோரம் ஒரு மணித்தியாலம் ஓடி, வந்து கயிறடித்துத் துள்ளி, ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் தராசில் ஏறினேன். தராசும் பிரஷர் மீற்றரும் ஒத்துக்கொண்டன. காகிதக் கீற்று ஒத்துக்கொள்ளவில்லை.

குடும்பத்தில் ஆருக்கும் சிறுநீரக வருத்தம் உண்டா என்று டொக்டர் கேட்டார். வவுனியாவில் இருக்கும் பெரியப்பா கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். எங்கள் பக்கத்தில் 'கிட்னி' என்ற சொல் வந்தால் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்து போனது. ஓம் என்று சொன்னேன்.

எழுதிக்கொண்டே, காலையில் என்ன செய்தனீங்கள் என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன், ஓடினது, கயிறடித்தது, தண்ணீர் குடிக்காதது எல்லாவற்றையும். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"உடம்பை இப்பிடி வருத்தினாலும் புரதம் போகும், பிள்ளை. அதாலயும் இருக்கலாம், கிட்னியாலயும் இருக்கலாம். மூண்டு நாள் ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. தண்ணி குடிச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. நாலாம் நாளும் பச்சையெண்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

சும்மா இருப்பது. பிறந்ததிலிருந்து எனக்கு வராத ஒரே வேலை அது.

வீட்டுக்கு வந்தால் கச்சான் அறுவடை; நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வந்த இரண்டு பேரும் செடி பிடுங்குகிறார்கள். வருடா வருடம் பிடுங்குவதில் அப்பாவுக்கு அடுத்தது நான்தான். இந்தமுறை முற்றத்து வேம்பின் கீழ் கதிரையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். பிடுங்கி வந்த செடியிலிருந்து கச்சானை ஆய்கிற வேலையை மட்டும் அம்மா தந்தார். விரல் அசைந்தால் புரதம் போகாது என்று அவரே தீர்ப்பு வழங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாளும் பார்த்தார்.

"பிளேன் ஓட்டப்போறவ எழும்பி நடக்கவும் மாட்டாவோ?"

"டொக்டர் சொன்னவா, மாமி," என்றேன்.

"அப்ப பிளேனிலயும் கதிரையிலதானே இருக்கப்போறா. பழகட்டும்."

கூலிக்காரர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கூப்பிடவுமில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, திரும்பவும் குனிந்தார். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட அந்த வயல் றோட்டை இருபது முறை ஓடியிருக்கலாம். காற்பெருவிரலை மண்ணில் ஊன்றிக்கொண்டு ஆய்ந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் மேற்கே கறுத்தது. முற்றத்தில் படங்கு விரித்து அதில் முழுக் கச்சானும் காய்ந்துகொண்டிருந்தது. கூலிக்காரர் போய்விட்டார்கள். முதல் துளி என் கையில் விழுந்தபோது நான் எழும்பிவிட்டேன். படங்கின் ஒரு மூலை என் பிடியில் இருந்தது.

"விடு!" அம்மா கத்தினார். எங்கள் வீட்டில் அவர் கத்துவது அபூர்வம். "போய் இரு. நனைஞ்சால் நனையட்டும்."

விட்டேன். கதிரையைத் தாழ்வாரத்துக்கு இழுத்து, அதில் இருந்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்தினேன். அப்பாவும் அம்மாவும் மாமியும் இழுத்தார்கள். ஓம், மாமியும். வேலியால் புகுந்து வந்திருந்தார். நாலு பேர் இழுக்கவேண்டியதை மூன்று பேர் இழுத்தார்கள். ஒரு பக்கம் நனைந்தது, ஒரு மூட்டைக்குக் கிட்ட வரும். மூன்று மாதம் ஓடியதில் எனக்கு இவ்வளவு மூச்சு வாங்கவில்லை.

மழை விட்டதும் முகத்தைத் துடைத்தபடி மாமி சொன்னார்: "நாளைக்கு அந்தக் கடதாசி பச்சையாகட்டும், பிறகு இருக்கு உனக்கு."

நாலாம் நாள். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்திருந்தேன். டொக்டர் கீற்றைத் தோய்த்து மேசையில் வைத்து மணிக்கூட்டைப் பார்த்தார். நான் அசையவில்லை. அதற்குள் நன்றாகவே பழகியிருந்தேன். பெரியப்பாவின் முகம் வந்தது, நனைந்த கச்சான் வந்தது. கீற்று மஞ்சளாகவே கிடந்தது. ஓட்டம்தான் காரணம் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். வருடாவருடம் வரவேண்டும், குடும்பத்தில் அந்த வருத்தம் இருப்பதால் தண்ணீர் விஷயத்தில் விளையாடக்கூடாது என்றும் சொன்னார்.

வெளியே வந்து அம்மாவுக்கு அழைத்தேன். மஞ்சள்தான் என்றேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பயிற்சிப் பள்ளிக்கு இன்றைக்கே போய்ப் பதிந்துவிட்டு வருகிறேன், மூட்டைகளை வைத்திருங்கோ, நான் ஏற்றுகிறேன் என்றேன். சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான், திரும்பவும் சோதிக்க வரவேண்டும் என்பதையும் சொன்னேன்.

"அடுத்த வருசம்," என்றார் அம்மா, "கச்சான் பிடுங்க முதல் போ."