றெக்கை பிடித்து ஓடிய சனிக்கிழமை

என் மகள் சனிக்கிழமைகளில் எஸ்ஏடி என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வு வகுப்புக்குப் போகிறாள் என்றுதான், பேர்லேண்ட் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டமே நம்பிக்கொண்டிருந்தது. நான் அவிழ்த்துவிட்ட பொய் அது. பதினாறு வயது மகள், ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு புல்வெளி ஓடுபாதையில், மாணவர் விமானப் படையில் கேடட்டாக கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். "இன்ஜின் இல்லாததுல எவளாவது பிள்ளைய ஏத்துவாளா?" என்று ஆன்ட்டிகள் கேட்பார்களே! அந்தக் கேள்வி என் வயிற்றுக்குள்ளும் இருந்தது.

கிளைடர் சும்மா நின்றால் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். ஒருவர் றெக்கை நுனியைத் தூக்கிச் சமமாகப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கட்டைவிரலைக் காட்டியதும், முன்னால் நிற்கும் சின்ன விமானம் கயிறு கட்டி இழுக்கும். பிடித்தவர் கூடவே கொஞ்ச தூரம் ஓடி, விட்டுவிட வேண்டும். கேடட்டுகள் ஒருவருக்கொருவர் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை தன் கூட்டாளிப் பையனுக்கு என் மகள் பிடித்தாள். அவனுக்குப் பதினேழு வயது. எங்கள் வீட்டில் மிளகாய்ப்பொடி தொட்டு தோசை தின்று, கண்ணில் தண்ணீர் வழிய இன்னொன்று கேட்டவன். அன்று மரங்களைத் தாண்டியதுமே கயிறு அறுந்தது. நேராக இறங்காமல் ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தான். உயரம் போதவில்லை. பிள்ளை போய்விட்டான்.

அன்று மாலை என் மகள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஐ லெட் கோ, அம்மா. நான்தான் விட்டேன்."

"விடாம என்னளா செய்வ? கூடவே பறப்பியா?" என்று கத்தினேன். கட்டிப்பிடித்திருக்க வேண்டும். என் வாய் அப்படி.

அடக்கத்தன்று அவனுடைய அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கிளம்பும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், கட்டைவிரலை இரண்டு முறை காட்டினான் என்றாள் என் மகள். அந்த அம்மா அவள் கைக்கு முத்தம் கொடுத்தார். நானோ, நல்லவேளை, என் பிள்ளை இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றே வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். இவள் இனி அதில் ஏறாதிருந்தால் ஆளுயர மெழுகுவர்த்தி. மாதா உடனே கேட்டுவிட்டார். என் மகள் சீருடையை அலமாரியின் அடியில் திணித்தாள். நான் சந்தோஷமாகக் கோழிக்குழம்பு வைத்தேன். அதை அவள் தொடவில்லை. முன்பெல்லாம் காரில் போகும்போது மேகத்தைக் காட்டி, "அந்த கிளவுடுக்கு கீழ போனா நல்லா தூக்கும்மா" என்று பிராணனை வாங்குவாள். இப்போது ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. ஐந்து மாதம் இப்படி. வேண்டிக்கொண்டது கிடைத்தது, பிள்ளையைத்தான் காணோம்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து மாதா சுரூபத்தின் முன்னால் நின்றேன். "தாயே, நான் கேட்டது தப்பு. மெழுகுவர்த்தி அப்படியே இருக்கட்டும். அவள ஏத்தி, பத்திரமா இறக்கு" என்றேன்.

காரில் ஏறியதும், "ஏளா, சனிக்கிழமை போவோமா?" என்று கேட்டேன். வீடு வந்தோம். கராஜ் கதவு திறக்கும்போது கேட்டாள்: "நீ என் விங் பிடிப்பியா?"

முழங்கால் வலியோடு நான் ஓடக் கற்றுக்கொண்டேன். அவள் பயிற்சியாளரோடு முதலிலிருந்து தொடங்கினாள். கயிறு அறுந்தால் இறங்கப் பழகட்டும் என்று, அவர் சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் கயிற்றைக் கழற்றிவிடுவார். ஒவ்வொரு முறையும் சரியாக இறங்கினாள்.

பிறகு அவள் தனியாகப் பறக்கும் நாள் வந்தது. கண்ணாடி மூடிக்குள் என் மகள், றெக்கை நுனி என் கையில். என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கட்டைவிரலைக் காட்டினாள், இரண்டு முறை. கயிறு இறுகியது. மாதாவே மாதாவே என்று ஓடினேன். விட வேண்டிய இடம் வந்தது. விட்டேன்.

விட்ட பிறகும் ஓடினேன். பயிற்சியாளர் "நில்லுங்கள்" என்று கத்தியது காதில் ஏறவே இல்லை. மரங்களைத் தாண்டினாள். அன்று கயிறு அறுந்த உயரத்தையும் தாண்டினாள். நல்ல உயரத்தில் தானே கயிற்றைக் கழற்றி, ஒரு மேகத்தின் அடியில் வட்டம் போட்டு மேலே மேலே போனாள். அடேயப்பா, என்ன அழகு! இருபது நிமிடம் கழித்து, பூப்போல வந்து இறங்கினாள். "என் ராசாத்தி!" என்று நான் போட்ட கூச்சலில் ஓடுபாதையே திரும்பிப் பார்த்தது.

அங்கேயே நின்று கிளைடரோடு அவளைப் படமெடுத்து ஜெபக்கூட்டத்தின் வாட்ஸ்அப்பில் போட்டேன். "எஸ்ஏடி எல்லாம் பொய். என் மக தனியா பறந்துட்டா." யார் என்ன சொன்னால் எனக்கென்ன?

அவளோ முதலில் அந்தப் பையனின் அம்மாவுக்குத்தான் போன் பண்ணினாள். நான் தூத்துக்குடியில் என் தங்கையைக் கூப்பிட்டு, வேளாங்கண்ணிக்குப் போய் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னேன். ஒன்று ஐந்தடி மூன்றங்குலம், இன்னொன்று ஆறடி.

"ஆறடி யாருக்குக்கா?"

"நம்ம வீட்டுல தோசை தின்ன பிள்ளைக்கு."