வண்டிக்கு வந்த வயிற்றெரிச்சல்

கொம்பருக்கு அந்தப் பெயர் வண்டியால் வந்தது. முகப்பில் இரண்டு கொம்பு வளைந்து நிற்கிற அந்த மார்க் பிக்கப்பைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. முதல் வண்டியும் கொம்பு, அடுத்ததும் கொம்பு, இப்போது மெத்தைக் கம்பெனிக்கு ஓடுகிற இந்த டீசல் வண்டியும் கொம்பு. சாவிக்கொத்தில் கொம்பு, தொப்பியில் கொம்பு, பீரோக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில்கூடக் கொம்பு. "வேற மார்க் வண்டியில உக்காந்தாலே எனக்கு முதுகு வலி வந்துடும்" என்பார். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தக்காரர் காரில் இடம் இருந்தும், மார்க் சரியில்லை என்று பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்த மனிதர் அவர்.

அந்த வண்டி புகை விடும். விடாமல் என்ன செய்யும்? கம்பெனியிலிருந்து வரும்போது சைலன்சரோடு ஒரு ஃபில்டர் இருந்தது, கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர். அது அடைத்துக்கொள்கிறது, இழுவை குறைகிறது என்று அறுத்து எடுக்கச் சொன்னவரே இவர்தான். மெக்கானிக் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வண்டின்னா மூச்சு விடணும்யா. மூக்குல துணியை அடைச்சா எப்படி ஓடும்?" என்று வாதாடி, வெறும் குழாயைப் பற்றவைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து கொம்பர் எந்தத் தெருவில் போனார் என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

மெத்தையோ வெள்ளை. ஏற்றும்போதே ஓரம் கறுக்கிறது என்று கடைக்காரர்கள் புகார் சொல்லச் சொல்ல, மேனேஜர் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து லோடு ஏத்துறது உள் ஷெட்டுல. கேட்லயே சைலன்சர்ல வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிச்சுப் பாப்பேன். கறுத்துச்சுன்னா வண்டி வெளிய. வேற வண்டிக்கும் சொல்லி வெச்சிருக்கேன்." அந்த ஓட்டத்தில்தான் கொம்பர் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

வேற வண்டி யாருடையது தெரியுமா? சகலையுடையது. மனைவியின் தங்கை புருஷன். நேரில் பார்த்தால் கொம்பர் வாய் நிறைய "வாங்க தம்பி" என்பார். உள்ளுக்குள் "வந்துட்டான்யா" என்பார். அவன் புத்தம் புதுசாகக் கழுகு மார்க் பிக்கப் எடுத்திருந்தான். மாமியார் வீட்டு வாசலில் அதை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, தன் கைக்குட்டையைச் சைலன்சரில் வைத்து எடுத்து, அதே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். மாமியார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மனசே இல்லை என்றாள்.

"நீங்களும் இருக்கீங்களே" என்றாள் கொம்பரின் மனைவி. "உங்க வண்டி போனா நான் துணியைக் காயப்போட முடியுதா?"

கொம்பருக்கு வயிறு பற்றி எரிந்தது. வண்டிக்குக் குழாயில் புகை என்றால் அவருக்குக் காதில் புகை. "புது வண்டி அப்படித்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போகட்டும், கழுகு கோழி ஆயிடும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் சகலை அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். "அண்ணே, அப்பப்ப ஆரஞ்சு கலர்ல ஒரு விளக்கு எரியுது. அடியில அனல் அடிக்குது. என்ன பண்றது?"

"விளக்கு எரிஞ்சா உடனே ஆஃப் பண்ணிடணும் தம்பி. எஞ்சின் வெந்துடும்."

இதில் கொம்பரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்து வண்டியில் விளக்கு எரிந்தால் ஆபத்து என்றுதான் அர்த்தம். தெரிந்ததைச் சொன்னார். தெரியாதது பிறகுதான் தெரிந்தது. அறுத்தெடுத்த ஃபில்டரைத் திரும்ப மாட்ட முடியுமா என்று கேட்க மெக்கானிக்கிடம் போனார்.

"அதை அன்னைக்கே காயலான் கடையில போட்டாச்சு" என்றார் மெக்கானிக். "புது வண்டிங்க எவ்வளவு தேவலை பாரு. ஃபில்டர்ல கரி சேர்ந்தா தானே எரிச்சுக்கும். வண்டிக்கு வயித்தெரிச்சல்னு வெச்சுக்கயேன். ஆரஞ்சு விளக்கு போட்டுச் சொல்லும். அப்ப மட்டும் நிறுத்தவே கூடாது, ஹைவேயில ஒரே சீரா விரட்டணும். பாதியில ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி வெச்சா, ஒருநாள் வண்டி படுத்துடும்."

கொம்பர் தலையாட்டிக்கொண்டு வந்தார். வருகிற வழியில்தான் சகலை வீடு. வண்டி வாசலில் பளபளவென்று நின்றது. இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டார். நானா போய்ச் சொல்லணும், அவனாத் தெரிஞ்சுக்கட்டுமே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

கைக்குட்டைச் சோதனைக்கு முந்தைய நாள் மத்தியானம் கழுகு படுத்துவிட்டது. அதுவும் எங்கே? மாமியார் வீட்டு வாசலில். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. நகர்ந்தாலும் நடந்துபோகிறவன் முந்திவிடுவான். சகலை மெக்கானிக்குக்குப் போன் செய்தான். கொம்பரும் விஷயம் கேள்விப்பட்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு தொப்பியோடு வந்து நின்றார்.

மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டியை வயரில் மாட்டிப் பார்த்தார். "ஃபில்டர் பூரா கரி. விளக்கு எரியறப்பல்லாம் ஆஃப் பண்ணச் சொன்னது யாரு?"

"அண்ணன்தான்" என்றான் சகலை.

மெக்கானிக் கொம்பரைத் திரும்பிப் பார்த்தார். கொம்பர் டயரைப் பார்த்தார். பெட்டியில் எதையோ அழுத்தி வண்டியை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, மெக்கானிக் அவரை ஓரமாக அழைத்துப்போனார். "ஒரு நல்ல ஓட்டம் விட்டா அதோட வயித்தெரிச்சல் தீர்ந்துடும். உன்னை எந்த ரோட்டுலய்யா விடறது?"

அதற்குள் சகலை சாவியை நீட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, நீங்களே ஓட்டுங்க. அனுபவம் உங்களுக்குத்தான் ஜாஸ்தி." மாமியார் பார்க்கிறாள், மனைவி பார்க்கிறாள், எதிர்வீட்டு ஜன்னல்கூடப் பார்க்கிறது. முதுகு வலி என்று எப்படிச் சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொம்பர் கழுகுக்குள் ஏறினார்.

ஹைவே வந்தது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. விளக்கு தானாக அணைந்தால் நாளைக்கு மெத்தை ஓட்டம் சகலைக்கு. அதற்கு முன் சாவியைத் திருகி அணைத்தால் கழுகு மறுபடி படுத்துவிடும், ஓட்டம் தனக்கு; மேனேஜருக்கு அவசரத்துக்கு வேறு வண்டி ஏது? தூரத்தில் ஒரு டீக்கடை தெரிந்தது.

"தம்பி, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?"

"நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்களேண்ணே. சரி, உங்க இஷ்டம். ஸ்டியரிங் உங்க கையிலதானே இருக்கு."

கை சாவிப் பக்கம் போனது. ஆனால் பாழாய்ப்போன வண்டி என்னமாய் இழுத்தது! மிதிக்கிறதுக்கு முன்னாலேயே பாய்ந்தது. குலுக்கல் இல்லை, இரைச்சல் இல்லை. இப்படி ஓடுகிற எஞ்சினை நடுரோட்டில் அணைக்க, இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த அந்தக் கைக்கு மனசு வரவில்லை. டீக்கடை பின்னால் போய்விட்டது. அடப்பாவி, இவனுக்கா இந்த வண்டி என்று பொறாமையில் கண்ணே கலங்கிவிட்டது.

விளக்கு அணைந்தது.

"எனக்கு அந்த விளக்கு விஷயம் முன்னாடியே தெரியும்" என்றார் கொம்பர், ரோட்டைப் பார்த்தபடி. "வேணும்னேதான் சொல்லலை."

"தெரியும்ணே. உங்ககிட்ட அன்னைக்கே சொன்னதா மெக்கானிக் போன்லயே சொல்லிட்டார்."

"அப்புறம் எதுக்குய்யா சாவியை என்கிட்ட கொடுத்தே?"

சகலை சிரித்தான். "கொம்புத் தொப்பி போட்டுக்கிட்டு நீங்க கழுகுல ஏறினதை அத்தனை பேரும் பாத்தாங்கல்ல? எனக்கு அது போதும்ணே."

ஓரமாக நிறுத்தச் சொன்னான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இறங்கிப்போய்க் கைக்குட்டையைச் சைலன்சரில் பிடித்துவிட்டு, ஜன்னல் வழியே நீட்டினான். பொட்டுக் கரி இல்லை. "வேர்க்குது பாருங்க, துடைச்சுக்குங்க."

கொம்பர் வாங்கித் துடைத்துக்கொண்டார். நாளைக்குக் கேட்டில் எந்த வண்டி உள்ளே போகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"முதுகு வலிக்குதாண்ணே?"

"வலிக்குது" என்றார் கொம்பர்.

வலிக்கவே இல்லை.